வியாழக்கிழமை உபயம்

திங்கட்கிழமை காலை, வானிலைக் கருவிகள் நிற்கும் கம்பிவேலிக்குள் மழைமானியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ராசு அண்ணை புல்வெளிக்குக் குறுக்கே நடந்து வந்தார். எங்கள் விமான நிலையத்தின் தீயணைப்பு வண்டிச் சாரதி அவர். கூப்பிடுதூரம் என்றாலும் ஏதாவது ஒரு வாகனத்தில்தான் வருவார். நடந்து வந்ததைக் கண்டதுமே மனம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"சேர் போயிட்டார், பிள்ளை."

"எங்கை போயிட்டார்?" என்று கேட்டேன்.

கேட்டது மடத்தனம்தான். ஆனால் பஞ்சலிங்கம் சேரை அறிந்தவர்கள் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். கோயிலுக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும், ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று "போயிட்டு வாறன்" என்று சொல்லாமல் அவர் ஒரு நாளும் இந்த இடத்தை விட்டு வெளிக்கிட்டதில்லை. ஓய்வு பெற்றுப் போன அன்று அதைச் சொல்லி முடிக்கவே மத்தியானமாகிவிட்டது. அப்படிப்பட்டவர் கோப்பாயில் தன் வீட்டில், விடியப்புறத்து நித்திரையிலேயே, ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். குடாநாட்டில் உள்ள எங்கள் சிறிய விமான நிலையத்தின் பொறுப்பதிகாரியாக நெடுங்காலம் இருந்தவர். உயரமும் அகலமும் கொண்ட மனிதர். அவர் கதைத்தால் வானொலிக் கருவி தேவையில்லை, விமானிக்கு நேரடியாகவே கேட்கும் என்று கோபுரத்தில் இருப்பவர்கள் பகிடி பண்ணுவார்கள். ஊர்க் கோயிலின் பரிபாலன சபைச் செயலாளரும் அவரே. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பதவிதான் காரணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமான நிலையத்தை நடத்திய இவருக்கு விமானத்தில் ஏறப் பயம். கொழும்பில் கூட்டமென்றால் முதல் நாளே இரவு பஸ்ஸில் போய், கசங்கிய சேட்டுடன் கூட்டத்தில் இருப்பார்.

நான் வானிலை அவதானிப்பாளராக வேலைக்கு வந்த முதல் நாள், என் படிப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"பிள்ளை, வெள்ளிக்கிழமை எங்கடை தேர். மழை வருமோ?"

"சேர், நான் அவதானிக்கிறது மட்டும்தான். வரப்போறதைக் கொழும்பிலை இருந்துதான் சொல்லுவினம்."

"அப்ப வந்தாப் பிறகு சொல்லுற ஆளோ நீர்? அதை என்ரை மனுசியும் சொல்லுவா."

அந்த வெள்ளிக்கிழமை நல்ல மழை பெய்தது. சனிக்கிழமை நனைந்த மோதகம் ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "அவதானியும்" என்றார்.

பிறகு அந்த நெருக்கடி வருஷம் வந்தது. எரிபொருள் இல்லை. பலாலி வீதியில் பஸ் ஓடவில்லை. அரசாங்க அலுவலகங்களையே மூடிவிட்டார்கள். எங்களுக்கு வரவேண்டிய செலவுப்பணம், கையெழுத்துப் போட ஆளில்லாமல் கொழும்பில் எங்கோ ஒரு பூட்டிய அறைக்குள் கிடந்தது. அந்த நாட்களில் கிழமைக்கு மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, சிறிய விமானம் ஒன்று கொழும்பிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அது இறங்க வேண்டுமானால் தீயணைப்பு வண்டி டீசலோடும் ஆட்களோடும் ஓடுபாதை ஓரத்தில் ஆயத்தமாக நிற்க வேண்டும். இது உலகம் முழுவதற்குமான விதி. டீசல் தீர்ந்துகொண்டிருந்தது. ஆட்கள் வேலைக்கு வர வழியில்லை.

தொலைபேசியில் ஒரு மேலதிகாரி, மரியாதையாகத்தான், சொன்னார்: நிதி வரும் வரை தற்காலிகமாக மூடிவைப்போம். விமானக் கம்பனியும், இங்கே இறங்க முடியாவிட்டால் அந்த விமானத்தை வேறு பாதையில் விடப்போவதாகச் சொல்லிவிட்டது. அப்படிப் போனால் அது திரும்பி வராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தத்தில் இருந்த ராசு அண்ணை போன்றவர்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

சேர் தொலைபேசியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "தற்காலிகமாம். எங்கடை ஊரிலை தற்காலிகமெண்டு போட்ட தடையளுக்கு மேலை ஆலமரம் முளைச்சு நிக்குது. பூட்டுறது சுகம் பிள்ளையள். ஒரு பூட்டுப் போதும். திறக்கிறதுக்குத்தான் ஒரு தலைமுறை வேணும்."

அவர் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அதுவும் தேத்தண்ணி வரும் வரைக்கும்தான். ஒரு வாய் குடித்தவர், கோப்பையை டக்கென்று வைத்தார்.

"ராசு, திருவிழாவுக்குக் கோயிலிட்டைக் காசு இருக்கோ?"

"எங்கையிருந்து சேர்?"

"ஆனா கொடியேறின நாளிலை இருந்து தீர்த்தம் வரைக்கும் ஒரு நாளாவது சாமி பட்டினி கிடந்ததோ?"

"உபயகாரர் விடுவினமோ!"

"அவ்வளவுதான் விஷயம்" என்றார் சேர். திருவிழாவின் ஒவ்வொரு நாள் செலவையும் ஒருவர் உபயமாக ஏற்பதுபோல, விமானம் வரும் நாட்களை ஊர்கள் ஏற்க வேண்டும் என்பது அவர் யோசனை. எங்கள் கணக்கதிகாரிக்குத் தலை சுற்றியது. ஆனால் சேரின் நிபந்தனை கடுமையானது. பணம் ஒரு சதமும் எவர் கையிலும் படக்கூடாது. பொருளாக, வாகனமாக, சாப்பாடாக மட்டும். கோயிலைப் போலவே, நாளுக்கு ஓர் ஊர்.

செவ்வாய்க்கிழமையை வடகரையின் கடலோடிக் குடும்பங்கள் ஏற்றன. போதிய டீசலின்றிக் கடலுக்குப் போக முடியாமல் நின்ற படகில் மிஞ்சியிருந்ததை அவர்கள் கொண்டுவந்து தந்தபோது, "நாங்கள் போகாட்டிலும் எதாவது ஒண்டு போய் வரட்டும்" என்று ஒருவர் சொன்னார். சனிக்கிழமை திருநெல்வேலிச் சந்தை வியாபாரிகளுடையது. வியாழக்கிழமை புத்தூர் வெங்காயத் தோட்டக்காரருடையது. அவர்களுக்குத் தலைமை பரமேஸ்வரி அக்கா. அவரது கணவர் லான்ட்மாஸ்டர் எனும் சிறு உழவு இயந்திரத்தின் பெட்டியில் தீயணைப்புப் படையை ஏற்றிவர, பின்னால் பெரிய சோற்றுக் கிடாரத்தைப் பிடித்தபடி அக்கா இருப்பார். ஆட்கள் தங்கும் அறையின் வாசலில் சேர் ஒரு கரும்பலகையைத் தொங்கவிட்டார். "இன்றைய உபயம்" என்று மேலே வர்ணத்தில் எழுதி, கீழே சோக்கால் எழுத இடம் விட்டிருந்தார்.

இரண்டாவது கிழமை கொழும்புக்கு விஷயம் எட்டியது. நேரில் வந்து விளக்கம் தரும்படி கட்டளை. பஸ் இல்லை. ரயில் இல்லை. இருந்தது ஒரே ஒரு வழி.

அன்று காலை அவர் நெற்றி நிறையத் திருநீறோடு என் வேலிக்கருகில் வந்து நின்றார். "பிள்ளை, இண்டைக்கு மட்டும் வந்தாப் பிறகு சொல்லாமல், வரமுதல் சொல்லும். வழியிலை எப்பிடி இருக்கும்?"

"தெளிவாய் இருக்கும் சேர்" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்னேன்.

ராசு அண்ணை அவரை ஏணிவரை கூட்டிப்போனார். சின்ன ஜன்னலுக்குள் அவரது முகம் தெரிந்தது. கண்கள் இறுக்க மூடியிருந்தன. விமானம் அசையவே தொடங்கவில்லை.

கொழும்பில் நடந்ததை அவரே பலமுறை எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். மேலதிகாரி முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டாராம், பொதுமக்கள் ஏன் இதைச் செய்கிறார்கள், அவர்களுக்கு இதில் என்ன லாபம் என்று. சேர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் உபயத்தை விளக்கப் பார்த்தார். வார்த்தை போதவில்லை. கடைசியில், "உங்கடை ஊர் பன்சலையிலை பிக்குமாருக்கு யார் சாப்பாடு குடுக்கிறது?" என்று கேட்டார்.

"நாளுக்கு ஒரு வீடு. தானம்" என்றார் அதிகாரி.

"உங்கடை வீட்டுக்கு எந்த நாள்?"

அதிகாரியின் முகம் மாறிவிட்டதாம். தங்கள் வீட்டின் நாளைச் சொன்னார். அம்மா இல்லாத பிறகும் அந்த நாளை விட்டதில்லை என்றார். "விடச் சொன்னா விடுவியளோ?" என்று கேட்டார் சேர். அதற்குப் பிறகு விதிப்புத்தகத்தை இருவருமாகச் சேர்ந்து புரட்டினார்கள். பணமாக இல்லாத உள்ளூர் உதவியை, நிதி வரும் வரை, எழுத்தில் அறிவித்துப் பெற்றுக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. நிலையம் மூடப்படவில்லை.

சனிக்கிழமை விமானத்தில் திரும்பி வந்து இறங்கியவரைச் சூழ்ந்துகொண்டோம். "எப்பிடி சேர், மேலையிருந்து பாக்க?"

"நான் எங்கை பாத்தன்? ஆனையிறவு எண்டாங்கள், ஓம் எண்டன். வில்பத்துக் காடு எண்டாங்கள், ஓம் எண்டன். கண்ணைத் திறந்தாத்தானே!"

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். சில மாதங்களில் நிதி வந்தது. டீசல் வந்தது. பஸ்ஸும் ஓடியது. சேர் எல்லா ஊர்களுக்கும் நன்றி சொல்லி, இனிச் சிரமப்பட வேண்டாம் என்று அறிவித்தார். கோயில் செயலாளராக இருந்தும் ஒரு விஷயத்தை அவர் மறந்துபோனார். எங்கள் ஊரில் உபயத்தைத் தொடங்கலாம், நிறுத்த ஏலாது.

அடுத்த வியாழன் லான்ட்மாஸ்டர் சத்தம் கேட்டது. கிடாரத்தோடு பரமேஸ்வரி அக்கா.

"அக்கா, அரசாங்கக் காசு வந்திட்டுது" என்றார் சேர்.

"வரட்டும். ஆர் வேண்டாமெண்டது? அரசாங்கம் வேணுமெண்டா வேறை நாள் பாக்கட்டும். வியாழன் எங்கடை."

கோப்பாயிலிருந்து சேரின் சொந்தக்காரரும் வந்து நின்றார்கள். எங்கள் ஆள் அதிகாரியாக இருக்க எங்களுக்கு ஓர் உபயமும் இல்லையா என்று கோபம். "என்ரை ஆக்களுக்கு நான் நாள் குடுத்தா, பிறகு இது விமான நிலையமில்லை, வழக்குப் போட்ட கோயில்" என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினார். முடிவில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. டீசலும் வாகனமும் அரசாங்கத்துடையவை. அந்தந்த நாளின் மத்தியானச் சாப்பாடு மட்டும் உபயகாரருடையது. இன்றும் அப்படித்தான் நடக்கிறது. அதற்கு எந்த விதியும் இல்லை. தடுக்கவும் ஒருவரும் துணியவில்லை.

சேர் ஓய்வு பெற்ற நாளும் ஒரு வியாழன். அன்று மட்டும் எல்லோருக்கும் தன் செலவில் சாப்பாடு கொடுக்க ஆசைப்பட்டு, முதல் நாளே புத்தூருக்குப் போய்க் கேட்டிருக்கிறார். பரமேஸ்வரி அக்கா யோசித்துவிட்டுச் சொன்ன பதில் எங்களிடையே பழமொழியாகிவிட்டது: "சேர், நீங்கள் எண்டாலும் உபயம் உபயம்தான். வேணுமெண்டா வாழையிலை குடுங்கோ."

சேர் வயிறு குலுங்கச் சிரித்தார். மறுநாள் தன் வீட்டு வளவில் வெட்டிய வாழையிலைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, உபயகாரருக்குரிய பெருமிதத்தோடு வாசலால் வந்தார்.

மகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்ததால் இறுதிக்கிரியை இந்த வியாழக்கிழமைக்கு வைக்கப்பட்டது. கொழும்பில் வந்திறங்கி, அங்கிருந்து எங்கள் காலை விமானத்தில் வந்தால்தான் அப்பாவின் முகத்தைப் பார்க்கலாம் என்ற நிலை. நான் வேலையில் இருந்தேன். எங்கள் வழக்கப்படி பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. என் அஞ்சலியைச் செய்ய இதைவிட நல்ல இடம் எனக்கு இல்லை. காற்றின் திசையையும் வேகத்தையும் பார்த்துக் கோபுரத்துக்குச் சொன்னேன். ராசு அண்ணை வண்டியைக் கழுவித் துடைத்து ஓடுபாதை ஓரத்தில் நிறுத்தியிருந்தார். விமானம் மெத்தென்று இறங்கியது.

மகளைக் கூட்டிக்கொண்டு வாகனத்துக்குப் போகும் வழியில், ஆட்கள் அறை வாசலில் நின்றுவிட்டோம். கரும்பலகையில், பள்ளிக்கூடப் பிள்ளையின் கவனத்தோடு, உருண்டை எழுத்தில் எழுதியிருந்தது:

இன்றைய உபயம்: கோப்பாய் பஞ்சலிங்கம்.

பக்கத்தில் பரமேஸ்வரி அக்கா நின்றார். கிடாரத்திலிருந்து வழக்கம்போல் ஆவி பறந்துகொண்டிருந்தது. வழமைக்கு மாறாக, தோளில் ஒரு கட்டு வாழையிலை.

"சோறு கறி எல்லாம் சேரின்ரை பேரிலை" என்றார் மகளிடம். "நாங்கள் இண்டைக்கு வாழையிலை மட்டும்தான், பிள்ளை."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். தகப்பனின் அதே சிரிப்பு. உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சேர், சொல்லாமல் போய்விட்டீர்கள் என்ற குறை எங்களுக்கு உண்டு. உங்களுக்காக "போயிட்டு வாறன்" என்பதை ஒவ்வொரு அறை வாசலிலும் நானே சொல்லிவிட்டேன். வந்த பிறகு சொல்லுகிற ஆள் நான். ஆனாலும் இன்னொருமுறை, முன்கூட்டியே சொல்லுகிறேன். காற்று சாந்தம். வழி முழுக்கத் தெளிவு. இந்த முறை கண்ணைத் திறந்து பாருங்கோ.