கவைக்கம்பும் புதுக் கோடாலியும்

ஆன்லைனில் வரவழைத்த கைக்கோடாலி அது. ஒரு முழம்தான் இருக்கும். பிடிக்கு ரப்பர், தலைக்குத் தோல் உறை. பெட்டியைப் பிரித்த கையோடு என் வீட்டுக்காரர் முன்கை ரோமத்தைச் சிரைத்துக் கூர் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"நாளைக்கு உடைக்காட்டுல எறக்கிப் பாப்போம்" என்றார். மரத்திலா, அவர் தம்பி தலையிலா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது.

ஆறுமுகநேரிப் பக்கம், உப்பளத்தை ஒட்டிய காடு. பாகம் பிரித்தபோது அண்ணன் தம்பிக்கு ஆளுக்குப் பாதி வந்தது. இரண்டு பேரும் தூத்துக்குடியில் கடையே கதியென்று கிடக்க, முள் உடைமரம் மண்டி எல்லைக்கல்லே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. கல்லைத் தம்பி பெயர்த்து இந்தப் பக்கம் தள்ளி நட்டுவிட்டான் என்று யாரோ இவர் காதில் போட்டார்கள். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

உடை வெட்ட இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் கவைக்கம்பால், நுனி இரண்டாகப் பிரிந்த நீளக் கம்பால், முள்கிளையை முட்டுக்கொடுத்துத் தள்ளிப் பிடிக்க வேண்டும். மற்றவர் காலை அகட்டி நின்று தூரில், மரத்தின் அடியில், வெட்டு போட வேண்டும். கம்பு என் கையில். அவர் போட்ட ஒவ்வொரு வெட்டுக்கும் தம்பிக்கு ஒரு வசவு. சிராய் என் முகத்தில் தெறித்தது. முள் கிழித்து அவர் கையெல்லாம் ரத்தம். அதைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. கோடாலி நல்ல கோடாலிதான், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

யாரோ சொல்லிவிட்டார்கள் போல. கொழுந்தன் பைக்கில் வந்து இறங்கினான்.

"அண்ணே, நீ வெட்டுதது என் பக்கம்."

"ஏலே, கல்லப் பேத்து நட்டுட்டு எங்கிட்டயே பக்கம் பேசுதியா?"

"எவன் சொன்னான்? அவன இங்கன கூட்டிட்டு வா" என்று கொழுந்தன் இவர் சட்டையைப் பிடித்தான். இவர் உதறினார், கோடாலியை ஓங்கினார். வாய்ச்சவடால் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் காலைப் பார்த்தேன். தூரில் போடும்போது அகட்டுவாரே, அதே அகட்டல்.

கவைக்கம்பை அவர் கழுத்தில் கொடுத்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினேன். வெட்டாமல் நின்ற கிழட்டு உடைமரத்தில் முதுகு அடிக்க விழுந்தார். அப்படி ஓர் அலறலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. கையிலிருந்து நழுவிய கோடாலி மரத்தடியில் டங்கென்று எதிலோ மோதியது.

கொழுந்தன் வெறுங்கையால் முள்ளை விலக்கினான். எல்லைக்கல். கையளவு தடித்த வேர் ஒன்று அதை இறுக்கிச் சுற்றி மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அதை நகர்த்த வேண்டுமென்றால் மரத்தையே பிடுங்கியிருக்க வேண்டும். இவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இவரை உட்காரவைத்து ஊக்கால் முள்ளைக் கிளறி எடுத்தேன். கொழுந்தன் அண்ணன் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஏளா பிசாசே, இப்படியா தள்ளுவ? முதுகே போச்சு."

"முதுகுல ஏறுன முள்ள நான் எடுத்துருவேன். உங்க தம்பி தலையில கோடாலி ஏறிருந்தா யாரு எடுப்பா?"

அவர் தோள் குலுங்கியது. முள் குத்தியதற்கெல்லாம் அழுகிற ஆள் இல்லை அவர்.