தீமிதிக்குப் போன இடத்தில் இரண்டு வாசல் வீடு

தீமிதிக்கு வெளியூர் போகிறவர்கள் ஹோட்டலில் தங்குவதா, நாலு நாளைக்கு வீடு எடுப்பதா என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் வீட்டுக் கட்சி. எண்பதுகளின் நடுவில் நாங்கள் புக்கிட் ரோத்தானுக்குப் போன பயணம்தான் காரணம்.

அப்போது எங்கள் மகனுக்கு நான்கு வயது. மூளைக் காய்ச்சலில் விழுந்து, பிழைத்து எழுந்திருந்தான். பிழைத்தால் அவனைத் தூக்கிக்கொண்டு தீ மிதிப்பதாக, தாம் பிறந்த புக்கிட் ரோத்தான் தோட்டத்து மாரியம்மனுக்கு என் கணவர் வேண்டியிருந்தார். அந்தத் தொழிலாளர் லய வீடுகளில் அவருடைய சொந்தக்காரர் ஒருவரும் மிச்சமில்லை.

ஈப்போவிலிருந்து காலை ஏழு மணிப் பேருந்து. கோலாலம்பூரில் மாறி கோலசிலாங்கூரில் இறங்கும்போது மணி இரண்டு. ஹோட்டல் அறை நாளுக்கு இருபத்தைந்து வெள்ளி. வெள்ளை விரிப்பும் ஓடு பதித்த குளியலறையும் எனக்குப் பிடித்துவிட்டன. பெட்டியை வைத்த பிறகுதான் அவர் மெல்ல இழுத்தார்.

“காப்பு கட்டிட்டா ஊர் எல்லையத் தாண்டக் கூடாது. இங்கேருந்து எப்படிப் போய்ட்டு வர்றது?”

“அத ஈப்போவுலயே யோசிக்கிறதுக்கு என்னங்க?”

பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற டாக்சிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரித்தார். “திருவிழான்னா லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போங்கலா. முன்பாதிய வாடகைக்கு விடுவாங்க.” பத்துக் கிலோமீட்டர் வந்து புக்கிட் ரோத்தானில் இறக்கினார்.

பலகை வீடு, தகரக் கூரை, நாளுக்குப் பன்னிரண்டு வெள்ளி. லெட்சுமி அக்காவின் கணவர் லோரி ஓட்டுபவர். அவர்கள் பின்பாதியில் இருந்தார்கள். விரதக்காரர் வந்திருக்கிறார் என்று அக்கா தன் அடுப்பிலும் மீனை நிறுத்திவிட்டார். எந்த ஹோட்டலில் இது நடக்கும்?

அன்று மாலை காப்பு கட்டியாயிற்று. மறுநாள் விடியற்காலை, பத்து நாள் முன்னதாகவே நான் வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன். உயிரே போய்விட்டது எனக்கு. மூன்று வார விரதம் என்னால் கெட்டு, பிள்ளைக்கு மறுபடி ஏதாவது ஆகிவிட்டால்? இன்று இதை ஒப்பாதவர்கள் உண்டு. அன்று எனக்கு அதுதான் சட்டம். கிணற்றடியில் அழுதுகொண்டு நின்ற என்னை அக்கா பார்த்துவிட்டார்.

“இதுக்கா அழுவுற? பின்னால தனி ரூம், தனி வாசல் இருக்கு தங்கச்சி. எனக்கும் மூணு பொண்ணுங்க. தெரியாமயா ரெண்டு வாசல் வச்சிக் கட்டினோம்?”

அதற்குப் பிறகு சமையல் முழுக்க அக்காதான். கணவரும் மகனும் முன்பக்கம், நான் பின்பக்கம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை கதை கேட்பான், இந்தப் பக்கமிருந்து சொல்வேன். அவனைத் தொடாமல் இருந்ததுதான் பெரிய கஷ்டம்.

தீமிதி மாலையில் நான் அறையிலேயே இருந்துவிடுகிறேன் என்றேன். அக்கா விடவில்லை.

“கோயிலுக்குள்ளதான் போவக் கூடாது. ரோட்டுல நிக்கிறத எவன் கேப்பான்? ஏறு லோரியில.”

கோயிலுக்கு எதிரே, சாலையோரம் நிறுத்திய லோரியின் மேல் நின்றேன். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே பூக்குழி முழுதாகத் தெரிந்தது. மஞ்சள் வேட்டியில், மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் இறங்கினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நெருப்பைக் கடந்து, முடிவில் இருந்த பால்குழியில் அவர் கால் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆகவே, வேண்டுதல் இல்லாத வெறும் சுற்றுலா என்றால் ஹோட்டலே சௌகரியம். விரதம் என்றால் எல்லைக்குள் வீடு பாருங்கள். வாடகையைக் கேட்குமுன் எத்தனை அறை, எத்தனை வாசல், அடுப்பில் என்ன சமைப்பார்கள் என்று கேளுங்கள். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள்.

காப்பு அவிழ்த்து ஊர் திரும்பிய ஈப்போ பேருந்தில், மகன் என் மடியில் தூங்கிய பிறகு, நெருப்பு சுட்டதா என்று கேட்டேன்.

“தெரியல. கூட்டத்துல நீ எங்க நிக்கிறேன்னு தேடிக்கிட்டே நடந்துட்டேன்” என்றார்.

அம்மனை நினைத்து நடக்க வேண்டிய மனுஷன்.