சீற்றைத் தொடாதேங்கோ

அமிர்தநாதருக்குக் கார் என்றால் வேலைக்குப் போகவும் திரும்பி வரவும் உதவுகிற ஒரு சாமான், அவ்வளவுதான். பொனற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்த மனிதரில்லை. அப்படிப்பட்டவர் தலையில்தான் அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்து விழுந்தது.

கார் மகன் அபிஷனுடையது. போன வருடம் புற்றுநோய் அவனைக் கொண்டுபோய்விட்டது. காரை விற்கச் சொல்லாத சொந்தக்காரர் அவர்கள் இருந்த மோர்னிங்சைட் பக்கத்தில் இல்லை. மனிதர் அசையவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், உடுப்பு மாற்றாமலே சாரதி சீற்றின் விளிம்பில் குந்தி, நுனிக்காலால் கிளச்சை மிதித்து ஸ்ரார்ட் செய்வார். கொஞ்சம் உறுமவிட்டு நிறுத்திவிடுவார். ஓட்டுவதில்லை. அபிஷன் ஆறடிக்கு மேலே. அவன் பின்தள்ளி வைத்த சீற்றில் சாய்ந்திருந்தால் இவருக்குக் கால் எட்டாது. முன்னுக்கு இழுத்தால் எட்டும். அதைத்தான் அவர் செய்யமாட்டார். அவனுடைய அறையைக்கூட மனைவி பேபி ஒதுக்கிவிட்டாள். அவன் வைத்தபடியே மிஞ்சியிருந்தது அந்தச் சீற் ஒன்றுதான்.

பிறகு எஞ்சின் பழுது காட்டும் லைற் மஞ்சளாகப் பற்றியது. பெற்றோல் மூடியை இறுக்கிப் பார்த்தார். யாரோ சொன்னார்கள் என்று பற்றறி வயரைக் கழற்றிப் பூட்டினார். லைற் போய், அடுத்த ஞாயிறு திரும்பி வந்தது. பிழை காட்டும் கருவி ஒன்றை வாங்கிச் செருகினால், அது ஏதோ எழுத்தும் இலக்கமும் காட்டியது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவருக்கு. கடைசியில் லைற் விட்டுவிட்டு மின்ன, கார் நடுங்கத் தொடங்கியது. பிள்ளையைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இதுவும் போகப்போகிறதே என்று பயந்துபோனார்.

ஊர்க்கார மெக்கானிக் சீமோன் வீட்டுக்கே வந்தான். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினான். எல்லாம் கரி பிடித்துக் கிடந்தன.

"அண்ணை, இதை ஓடுறேல்லையோ?"

"கிழமைக்கொருக்கா ஸ்ரார்ட் பண்ணி விடுறனான்."

"உதுதான் பிழை. சூடேற முதல் நிப்பாட்டினால் கரிதான் பிடிக்கும். சும்மா விட்டிருந்தாலும் இவ்வளவு பழுதாகியிராது."

அமிர்தநாதருக்கு முகம் சுருங்கிவிட்டது. பார்த்துப் பார்த்துச் செய்ததே வினையாகிவிட்டது.

சீமோன் புதுப் பிளக்குகளைப் பூட்டினான். "ஹைவேயிலை ஒருக்கா இழுத்து ஓடினால் சரிவரும். நான் ஓடிப்போட்டு வாறன்" என்று ஏறினான். ஆள் கட்டை. கை சீற்றுக்கு அடியில் போனது. கடக், கடக் என்று சீற் முன்னுக்கு வந்தது. அமிர்தநாதர் கையை உயர்த்தினார். அதற்குள் கார் வெளிக்கிட்டுவிட்டது. அந்தச் சீற்றின் கதையை எந்த மெக்கானிக்கிடம் யார் சொல்லி வைப்பார்கள்?

சீமோன் சிரித்துக்கொண்டு காரோடு திரும்பி வந்தான்.

"லைற் அணைஞ்சிட்டுது அண்ணை. இனி யோசிக்காமல் ஓடுங்கோ."

சீமோன் போனபின் அவர் ஏறி இருந்தார். கால் கிளச்சில் சரியாக எட்டியது. சீற்றைப் பின்னே தள்ளினார். இவ்வளவு தூரமில்லை. அடியிலுள்ள தண்டில் ஒரு பல் முன்னுக்கு எடுத்தார். இதுவுமில்லை. இவ்வளவு காலமும் தொடாமல் காத்தவர், அது எந்தப் பல்லில் நின்றது என்று ஒருநாளும் பார்த்து வைக்கவில்லை.

"பேபி, இஞ்சை ஒருக்கா வாரும். பிள்ளை இதை எதுமட்டும் தள்ளி விட்டிருந்தவன்?"

பேபி ஈரக்கையோடு வந்து நின்றாள். சீற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியேல்லையப்பா" என்றாள்.