நானூறு சட்டைகளும் காணாமல் போன மூக்குகளும்

அந்த ஓவிய அலுவலகத்தில் பட்டை அக்காவைத் தெரியாதவர் கிடையாது. வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டை கட்டியிருப்பாள், அதனால் அந்தப் பெயர். பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டரில் பாடப் படங்களுக்கு வண்ணம் போட்டுப் போட்டு மணிக்கட்டு போய்விட்டது. "கைக்கு ஓய்வு குடுங்கம்மா" என்றார் டாக்டர். "கை ஓடலைன்னா வேற ஆள்தான் பார்க்கணும்" என்றார் முதலாளி. யார் பேச்சைக் கேட்பாள், நீங்களே சொல்லுங்கள்!

அந்த நேரம் பார்த்துப் பதிப்பகம் தலையில் கல்லைப் போட்டது. நானூறு பட அட்டைகள்; ஒவ்வொன்றிலும் அதே பையன் குடை, பானை, கடிகாரம் என்று ஏதோ ஒன்றைப் பிடித்து நிற்பான். அவனுடைய நீலச் சட்டை பச்சையாக வேண்டுமாம், ரெண்டே நாளில். "உங்களால முடியுமா, இல்ல..." என்று இழுத்தார் முதலாளி. மீதியை வேறு சொல்ல வேண்டுமா?

அக்கா வீம்புக்காரி. 'பதிவு' பொத்தானை அழுத்திவிட்டு, ஒரே ஒரு அட்டையில் சட்டையைப் பச்சையாக்கி, நிழலைத் திருத்தி, தனி நகலாகச் சேமித்தாள். செய்த ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் குறித்துக்கொண்டது. இனி 'ஓட்டு' என்றால் அடுத்த அட்டைகளில் அதுவே செய்யும்.

நாற்பது ஓடியிருக்கும். பக்கத்து மேசைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, பையனுக்கு மூக்கு எங்கக்கா?"

அட கடவுளே! பதிவின் நடுவே ஒரு தூசுப் புள்ளி கண்ணில் பட, பழக்க தோஷத்தில் அதை வட்டமிட்டு அழித்திருக்கிறாள். அந்த அட்டையில் பையன் பக்கவாட்டில் திரும்பியிருந்தான். மற்றதில் எல்லாம் அதே இடத்தில் மூக்கு!

"இதுக்குத்தான் கையால செய்யச் சொல்றது" என்றார் முதலாளி.

"கொஞ்சம் பொறுங்க சார்." குறிப்புப் பட்டியலில் அந்த ஒரு படியைத் தேடித் தூக்கி எறிந்தாள். முதலிலிருந்து ஓட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் நானூறும் முடிந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தாள், நானூறும் பச்சை, நானூறுக்கும் மூக்கு. பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

"வேற ஆள் பார்க்கறேன்னீங்களே சார், தாராளமா பாருங்க" என்றாள். "ஓட்டறதுக்குத்தான் ஆள் வேணும். இனிமே பதிவு நான் பண்ணித் தர்றேன்."

மறுநாள் காலை எல்லா மேசைக்காரர்களும் நாற்காலியை இழுத்துப்போட்டு அக்காவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கடைசி நாற்காலியில் நோட்டும் பேனாவுமாக முதலாளி உட்கார்ந்திருந்தார்.