ரொபின்சன் எறிந்த பந்து

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண், மனைவியின் ஊருக்கு வந்து குடியிருப்பான். கட்டைக்குடா ரொபின்சன் அப்படித்தான் எங்கள் வெள்ளிமுனைக்கு வந்து சேர்ந்தான். என் மனைவியின் தங்கை றஞ்சிதாவைக் கட்டியவன். நானும் முருங்கனிலிருந்து அப்படி வந்தவன்தான். ஆனால் கட்டைக்குடாவோடு இருப்பதுபோல முருங்கனுக்கும் வெள்ளிமுனைக்கும் உதைபந்தாட்டப் பகை கிடையாது, நான் தப்பினேன்.

ரொபின்சன் கடலுக்குப் போகிறவன். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டான். காற்றுக் கிளம்பி மற்றவர்கள் மாதாவைக் கூப்பிடும்போதும் இவன் படகில் குந்தியிருந்து பீடி பற்றவைப்பான். கட்டைக்குடாக் கழகத்துக்குப் பல வருடங்கள் கோல் காப்பாளனாக நின்றவன். இங்கே வந்தபின் எங்கள் கழகத்துக்கு நிற்கிறான். ஆனாலும் ஊரில் ஒருவரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கட்டைக்குடாப் பெடியன்" என்பார்கள். அது அவனுக்குச் சுட்டது.

இந்த வருடப் பெருநாள் சுற்றுப்போட்டியில் எங்களோடு இறுதியாட்டத்துக்கு வந்தது கட்டைக்குடா. "அண்ணை, இந்த மட்ச்சை வெண்டு குடுத்தா என்னையும் ஒரு ஆளா எடுப்பினம்தானே?" என்று ரொபின்சன் என்னிடம் கேட்டான்.

"எடுப்பினம், எடுப்பினம்," என்றேன். எனக்கென்ன தெரியும்?

ஆட்டம் தொடங்கியதும் அவனுக்குக் கைகால் நடுங்கியது. எதிரே தன் ஊர், அதில் இடதுபக்கம் ஓடுகிறவன் சொந்தத் தம்பி நிறோஜன். நடுங்கிக்கொண்டே எல்லாப் பந்தையும் பிடித்தான். முடிவதற்குச் சற்று முன் கட்டைக்குடாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பாய்ந்து அதையும் நெஞ்சோடு அணைத்தான். வெள்ளிமுனையே துள்ளியது. அப்போதும் ஒருவன்கூட ரொபின்சன் என்று கத்தவில்லை.

எழும்பியவன் கோலை விட்டுப் பந்தோடு பெனால்டி எல்லைக்கோடு வரை ஓடிவந்தான். "பதட்டப்படாத! மூச்சை விட்டு ஆறுதலாப் போடு!" என்று எங்கள் தலைவன் கத்தினான்.

அந்தப் பாவி சொன்னபடியே செய்தான். மூச்சை இழுத்து விட்டான். முகம் தெளிந்தது, படகில் பீடியோடு இருக்கிற அதே முகம். எதிரே நின்ற நிறோஜன் கையைத் தூக்கினான். இவன் அழகாக, அளந்து, அவன் காலடிக்கு எறிந்தான். அவனும் வந்த பந்தை வெறும் கோலுக்குள் அடித்துவிட்டான்.

அடித்தவன் சிரிக்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

அந்த ஒரு கோலால் கட்டைக்குடா வென்றது. ஆட்டத்தை விற்றுப்போட்டான் என்றது ஊர். எனக்கும் கோபம் கொதித்தது. வீட்டில் வைத்துக் கேட்டேன்.

"அண்ணை, பயந்துகொண்டு நிண்ட மட்டும் நான் எங்க நிக்கிறன் எண்டு தெரிஞ்சது. மனம் ஆறினதும் கை தன்ரபாட்டுக்கு எறிஞ்சிட்டுது. அவன் ஏன் கை தூக்கினவன் எண்டு அவனுக்கும் தெரியாதாம்."

நம்புவதா, கன்னத்தில் ஒன்று கொடுப்பதா? மன அமைதி வேண்டும், மன அமைதி வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அமைதியானால் மனிதன் எந்த ஊருக்குப் போய்விடுவான் என்று ஒருவரும் சொல்வதில்லை.

அன்று பின்னேரம் கட்டைக்குடாக்காரர் கிண்ணத்தோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி ஊர்வலம் வந்தார்கள். எங்கள் வீட்டுப் படலையடியில் நிறுத்தினார்கள். "அண்ணா, ஏறு!" என்று நிறோஜன் கை நீட்டினான்.

ரொபின்சன் ஒரு காலைத் தூக்கிப் பெட்டியில் வைத்தேவிட்டான். வைத்த பிறகுதான் அந்தக் காலைப் பார்த்தான்.

"ஏறுறதெண்டா ஏறுங்கோ, இல்லாட்டி இறங்குங்கோ. சோறு ஆறுது," என்றாள் றஞ்சிதா.

அவன் காலை இறக்கினான். பெட்டியிலிருந்தவர்கள் கூக்காட்டினார்கள். "வெள்ளிமுனை மாப்பிள்ளை வரமாட்டாராம்! வண்டியை எடு, எடு!"

புழுதி அடங்கும் வரை அவன் படலையிலேயே நின்றான். பிறகு என்னிடம் கேட்டான்: "அண்ணை, வெள்ளிமுனை மாப்பிள்ளை எண்டு அவங்கள் ஆரைச் சொல்லிப்போட்டுப் போறாங்கள்?"