கம்பெனிப் பசையும் தங்கம் அக்கா எலுமிச்சையும்

வேப்பெண்ணெயும் வேப்பம்புண்ணாக்கும் விக்கிறவனுக்கு பஸ்ஸுல எப்பவும் முழு சீட்டு கெடைக்கும். பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாக.

சிவகாசிப் பக்கத்து ஆளு பழைய கதை சொல்ல ஆரம்பிச்சுட்டான், இப்ப டமார்னு ஏதாவது வெடிக்கும்னுதானே காதைப் பொத்துறீக? கையை எடுங்க. இதுல வெடி கிடையாது. புழு உண்டு, அசுவணி உண்டு, ஒரு வாளி பசை உண்டு. வீட்டுல ஒத்த எலுமிச்சை மரத்தை வச்சுக்கிட்டு, காலையில பல்லு விளக்குறதுக்கு முன்னாடி எலையைப் புரட்டிப் புரட்டிப் பாக்குற பாவப்பட்ட சனங்களுக்காகச் சொல்றேன். மத்தவுக வெடிச் சத்தம் கேக்குற பக்கம் போகலாம்.

மலேரியாக்காரங்க வீடு வீடா டி.டி.டி. அடிச்சு, சுவத்துல தேதி எழுதிட்டுப் போன காலம் அது. விருதுநகர்ல ஒரு எண்ணெய் மில்லுல எனக்கு வேலை. சைக்கிள் கேரியர்ல புண்ணாக்கு மூட்டை, ஹேண்டில்ல எண்ணெய் டின். சரக்கு விக்கப் போன எடத்துல எல்லாம் எலுமிச்சைக்கு வைத்தியம் சொல்லிச் சொல்லி, 'வைத்தியரே'ன்னு பேரு வந்துருச்சு. அந்தப் பேரு தங்கம் அக்கா வீட்டு மரத்துக்கிட்ட போயி என்ன பாடு பட்டுச்சுங்கிறதுதான் விசயம். அதுக்கு முன்னாடி, பேரு எப்படி வந்துச்சுன்னு ரெண்டு சொல்லிருதேன்.

நடக்கிற எச்சம்

விருதுநகர்ல மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல ஒரு வரி கரும்பலகையில எழுதுற அளவுக்கு இடைவெளி விடுவார். "தம்பி... இது... பூச்சி இல்ல. காக்கா... எச்சம்." எலையில கறுப்பும் வெள்ளையுமா அங்கங்க ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மனுசன் ரெண்டு வாரமா சாயங்காலம் பூரா கல்லும் கையுமா காக்கா வெரட்டியிருக்கார். காக்காயும் போச்சு, எலையும் போச்சு.

நான் ஒரு குச்சியால எச்சத்தை லேசாத் தொட்டேன். எச்சம் தலையைத் தூக்குச்சு. தலைக்கு மேல செக்கச் செவேல்னு ரெண்டு கொம்பு நீட்டுச்சு, குப்புனு ஒரு நாத்தம். வாத்தியார் பின்பக்கமாவே நடந்து போயி துவைக்கிற கல்லுல உக்காந்துட்டார். வாய் தெறந்துச்சு, வார்த்தை வரல. இடைவெளி மட்டும் வந்துச்சு.

"வண்ணாத்திப்பூச்சி இட்ட புழு சார். சின்னதுல எச்சம் மாதிரி வேசம், வளந்தா எலை மாதிரி பச்சை வேசம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பொறுக்கி சோப்புத் தண்ணியில போடுங்க, போதும்"னு சொன்னேன். காப்பி கொண்டு வந்த அவுக வீட்டம்மா புழுவைப் பாத்தாக, புருசனைப் பாத்தாக, டம்ளரை என் கையில குடுத்துட்டுச் சொன்னாக: "பதினஞ்சு வருசமா இந்த ஊருப் பிள்ளைகளுக்கு சயன்ஸ் எடுக்கிறது இவுகதான் தம்பி."

எலையில எழுத்து

சிவகாசியில காலண்டர் அடிக்கிற ஒரு அண்ணாச்சி வீடு. மதினி வாசல்லயே மறிச்சு, குரலைத் தணிச்சு, "உள்ள வந்து பாருங்க, யாரோ எழுதி வச்சிருக்காக"ன்னாக. போய்ப் பாத்தா, எலுமிச்சைக் கொழுந்துல எல்லாம் வெள்ளி மையில கிறுக்குன மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கோடு. செய்வினைன்னு முடிவு பண்ணி, ஒரு பூசாரியக் கூப்பிட்டு அதைப் படிக்கவும் சொல்லியிருக்காக. அவரும் எலையைச் சாச்சுப் பிடிச்சு எழுத்துக் கூட்டி, பக்கத்து வீட்டு அம்மா பேரைப் படிச்சுட்டுப் போயிட்டார்.

நான் ஒரு குண்டூசி வாங்கி, கோடு முடியுற எடத்துல எலைத் தோலை லேசாக் கீறி, உள்ள இருந்த புழுவை நகத்துல எடுத்துக் காட்டுனேன். எலைக்குள்ளயே சுரங்கம் தோண்டித் தின்னுக்கிட்டுப் போற சாதி அது. அது போன தடம்தான் எழுத்து. எழுதுன கொழுந்தைக் கிள்ளிக் குழியில மூடிருங்க. வேப்பங்கொட்டையை இடிச்சு ஒரு ராத்திரி ஊறப் போட்டு, வடிகட்டின தண்ணியைப் புதுத் தளிர் மேல தெளிங்கன்னு சொன்னேன். புத்தி சொன்ன சந்தோசத்துல நான் சிரிச்சேன். மதினி சிரிக்கல.

"புழுன்னு நீங்க சுளுவாச் சொல்லிட்டுப் போயிருவீக. மூணு மாசமா அவ முகத்துல முழிக்காம இருக்கேன், அவ தண்ணிக் குடத்தைக் கூட உருட்டி விட்டுட்டேன், இனி அதுக்கு என்ன தெளிக்கிறது?"

நூத்தியெட்டுப் பழம்

இப்ப தங்கம் அக்கா. வீடு சிவகாசியில, குளாயடிக்குப் பக்கத்துல. புருசன் பாண்டி அண்ணாச்சி பட்டாசுக் கம்பெனியில போர்மேன். சில வருசத்துக்கு முன்னாடி அவரு டீ குடிக்க வெளிய வந்த நேரம், அவரு நின்ன ஷெட்டு இல்லாமப் போச்சு. அன்னைக்கே அக்கா இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டாக: வருசா வருசம் ஆடி கடைசி வெள்ளிக்கு நூத்தியெட்டுப் பழத்துல மாலை. கடையில வாங்குன பழம் கூடாது. கொல்லையில நிக்கிற அந்த ஒத்த மரத்துப் பழம்தான்.

நான் போகையில மார்கழி. மரத்துல ஒரு பூ இல்ல. கொழுந்து எல்லாம் சுருண்டு, உள்ள கறுப்பா, பேன் மாதிரி சாறு உறிஞ்சுற அசுவணி அப்பிக் கெடக்கு. எலையெல்லாம் பிசுபிசுன்னு தேன் வடியுது, அந்தத் தேனுக்கு எறும்பு வரிசை கட்டி ஏறுது. வேப்பெண்ணெயைப் பூந்திக்கொட்டைத் தண்ணியில கலக்கி, வேப்பங்குலையை முக்கி ரெண்டு தடவை உதறுனேன். ரெண்டு தடவையும் மறுநாளே மழை பேஞ்சு கழுவி விட்டுருச்சு.

அக்கா என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். மரத்தைப் பாத்துக்கிட்டே மெதுவாச் சொன்னாக: "மாலை சாத்தாம இவுகளை தீவாளி சீசனுக்கு வேலைக்கு அனுப்ப மாட்டேன் வைத்தியரே, கம்பெனியில நிறுத்துனாலும் சரி."

கம்பெனிப் பசை

கைவசம் இன்னொரு வைத்தியம் இருந்துச்சு. மைதாவைக் கஞ்சியாக் காச்சி, தண்ணியா விளாவி மரத்துல தெளிக்கணும். அசுவணி அதுல ஒட்டிக்கிரும். வெயில்ல கஞ்சி காஞ்சு பொருக்காகும். பொருக்கு உதுரும்போது பூச்சியும் சேந்து உதுரும். விசம் கெடையாது, சாமிக்குப் போற பழத்துக்கும் தோசமில்ல. அக்காவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

பாண்டி அண்ணாச்சிக்கு வேற யோசனை. "வீட்டு மைதாவை எதுக்குக் கெடுக்கணும்? நம்ம கம்பெனியில வெடிக்குத் தாள் சுத்துற பசை வாளி வாளியாக் கெடக்கு. அதுவும் மைதாதானே?" மைதாதான். நானும் தலையை ஆட்டுனேன். மறுநாள் சாயங்காலம் கம்பெனியில பசை காச்சுற சுப்புத்தாய் ஒரு வாளியைத் தலையில வச்சுக் கொண்டு வந்து எறக்குனா. அதே தெருக்காரிதான். பசை லேசா நீலம் பாரிச்சிருந்துச்சு. வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்ட மாதிரி என்ன சுத்தம்னு நானே மெச்சிக்கிட்டேன்.

விளாவி, கொண்டையில இருந்து அடி வரைக்கும் ஒரு எலை விடாமத் தெளிச்சோம். சுப்புத்தாய் இடுப்புல கை வச்சு வேடிக்கை பாத்தா. ஏதோ சொல்ல வந்தவளை நான் வைத்தியர் குரல்ல, "தொழில் நடக்கையில பேசப்படாது"ன்னு அடக்குனேன். அவ வாளியைக் கவுத்துக்கிட்டுப் போகையில சொன்னா: "எனக்கென்ன, உங்க மரம், உங்க வைத்தியம்."

தண்ணி கேட்டவன்

நாலாம் நாள் போனேன். கொல்லைக் கதவைத் தெறந்தா, மண்ணு தெரியல. தரை பூரா எலை. மரத்தை அண்ணாந்து பாத்தா வானம் தெரியுது. அசுவணி இல்லதான். ஒக்காந்து திங்க அதுக்கு எடம் வேணும்லா. ஒத்த எலை இல்லாம, முள்ளும் குச்சியுமா, தலைகீழா நட்டு வச்ச வெளக்கமாறு மாதிரி நிக்குது மரம். அக்கா கன்னத்துல கை வச்சு, ஒரு எலையைக் கையில வச்சுக்கிட்டு நிக்காக. ஓரமெல்லாம் தீஞ்சு போன எலை.

வாய்னு ஒண்ணு எனக்குத் தனியா வேலை செய்யும். அது அந்த நேரத்துலயும் நிதானமா, நடுவுல ஒரு இடைவெளி விட்டு, "மருந்து கேக்குதுக்கா... அதான் உதுருது"ன்னு சொல்லிருச்சு. சொன்ன கையோட, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கேட்டேன். அக்கா உள்ள போனாக. நான் பின்வாசல் வழியா சந்துக்கு எறங்கிட்டேன். எறங்குன பெறகுதான் சைக்கிள் முன்வாசல்ல நிக்கிறது ஞாபகம் வந்துச்சு. சுத்தி வந்து, பெல்லை ஒரு கையால பொத்தி, செருப்பைக் கழத்திக் கேரியர்ல சொருகி, பூனை மாதிரி உருட்டிக்கிட்டுப் போனேன். தெரு முக்கு திரும்புறப்ப அக்கா குரல் மட்டும் பின்னால வந்துச்சு: "வைத்தியரே, தண்ணி வேணும்னீகளே?"

மூட்டைக்குப் பின்னால

அதுக்கப்புறம் சிவகாசி ரோட்டுப் பக்கமே நான் தலை வச்சுப் படுக்கல. மாலை இல்ல, அண்ணாச்சிக்கு வேலை இல்ல, ரெண்டும் என்னாலன்னு சோத்துல கை வைக்கும்போதெல்லாம் வந்து நிக்கும். மில்லுல மத்தியானம் மத்தவுகளுக்கு வாத்தியார் மாதிரியும் மதினி மாதிரியும் பேசிக் காட்டுவேன். தங்கம் அக்கா குரலை மட்டும் என்னால எடுக்க முடியல.

மாசி மாசம் ஒரு நாள், கூட வேலை பாக்குறவன் ஓடி வந்து, "ஏலே, ஒன்னையத் தேடி சிவகாசியில இருந்து ஒரு ஆளு வந்துருக்காரு. மீசை பெருசு"ன்னான். நான் புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால உக்காந்துட்டேன். பாண்டி அண்ணாச்சி செருப்புச் சத்தம் நேரா மூட்டைக்கிட்ட வந்து நின்னுச்சு. அடி எந்தப் பக்கம் விழும்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

"ஒளிஞ்சது போதும் வைத்தியரே. மரம் எலைக்கு மேல பூவா நிக்குது, அவ உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னா."

இருக்கன்குடியில

மரம் செத்துப் போச்சுன்னு நெனச்சு அக்கா தண்ணி ஊத்துறதை நிறுத்தியிருக்காக. காய வச்சு, எலையும் உதுந்துட்டா, எலுமிச்சை உசுருக்குப் பயந்து பூத்துத் தள்ளிரும்னு பின்னாடி ஒரு தோட்டக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்னைக்கு அது தெரியாது. தெரிஞ்ச மாதிரி மட்டும் நின்னேன். எலை ஏன் கருகுச்சுங்கிறது அப்பவும் தெரியாது. அதை நான் யாரையும் கேக்கல. என்னையும் யாரும் கேக்கல.

ஆடி கடைசி வெள்ளி. நூத்தியெட்டுப் பழம் போக ஒரு கூடை மிச்சம். மாலை ஆத்தா கழுத்துல ஏறுச்சு. பாண்டி அண்ணாச்சி திங்கக்கிழமை சீசன் வேலைக்குப் போகலாம்னு அக்கா வாயால உத்தரவாச்சு. ஆத்து மணல்ல உக்காந்து கட்டுச்சோத்தைப் பிரிக்கையில, அக்கா தெருப் பொம்பளைகளுக்கு நடுவுல என்னை நிறுத்தி, "இவுக மருந்துதான்"ன்னாக. சுத்தி நின்னவுக ஆளுக்கு ஒரு மரம் வச்சிருக்காக போல. என்ன மருந்து, எங்க கெடைக்கும், எம்புட்டு ஊத்தணும்னு ஒரே கேள்வி. நான் கண்ணைப் பாதி மூடி, வைத்தியர் குரலை எடுத்தேன்: "அது... பரம்பரை ரகசியம்."

அக்கா மிச்சக் கூடையில இருந்து நல்ல பழமாப் பாத்து ஒண்ணு எடுத்து, ரெண்டு கையிலயும் ஏந்தி என் பக்கம் நீட்டுனாக. அந்த நேரம் ஓரமாக் காலை நீட்டிப் பொரிகடலை தின்னுக்கிட்டு இருந்த சுப்புத்தாய்க்குப் பொறுக்கல. மொதல்ல என் குரலையே எடுத்தா. அந்த இடைவெளி கூடத் தப்பல: "'மருந்து கேக்குதுக்கா... அதான் உதுருது.'" கூட்டம் சிரிச்சுச்சு. பெறகு சொந்தக் குரல்ல சொன்னா:

"என்ன பரம்பரை? நான் காச்சுன கம்பெனிப் பசை அது. கரப்பான் திங்காம இருக்க மயில்துத்தம்ங்கிற நீல விசத்தைக் கரைச்சு ஊத்திருக்கோம், எலை கருகாம என்ன செய்யும்? மரத்தைக் கொன்னுட்டோம்னு இவுக தண்ணியைக் கேட்டுட்டு, செருப்பைக் கழத்தி, பெல்லைப் பொத்திக்கிட்டுப் போனதை நான் குளாயடியில நின்னு பாத்தேன்லா, கொல்லையில பேசுனதும் காதுல விழுந்துச்சுல்லா."

மயில்துத்தம்ங்கிற வார்த்தையை அந்த மரத்தோட சேத்து நான் கேட்டது அதான் மொதத் தடவை. நீலம் எங்கருந்து வந்துச்சுன்னு எனக்கு ஆத்து மணல்ல வச்சுத்தான் வெளங்குச்சு. அக்கா கை அந்தரத்துலயே நின்னுச்சு. என்னைப் பாத்தாக, பழத்தைப் பாத்தாக, நிதானமாத் திரும்பி அதைச் சுப்புத்தாய் மடியில போட்டாக.

அன்னையில இருந்து நான் எந்த வீட்டுக்கு வைத்தியம் பாக்கப் போனாலும், மரத்தைக் காட்டுறதுக்கு முன்னாடி பின்வாசல் எங்கன இருக்குன்னு அவுகளே காட்டிருவாக.