திரைக்கு வெளியே போன வரி

சாயப்பட்டறைக் கொதிகலனைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டருக்கு வயது முப்பதுக்கு மேல். அதன் மானிட்டர் உயிரை விட்டதும், பழைய கிராபிக்ஸ் கார்டு அனுப்பும் சிக்னல் எந்தப் புது மானிட்டருக்கும் புரியவில்லை. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் கையை விரித்தார்கள். பட்டறை மெக்கானிக் மட்டும் விடவில்லை. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டியை வைத்து, இரண்டு நாள் மல்லுக்கட்டி, பச்சை எழுத்துகளைப் புதுத் திரையில் வரவழைத்துவிட்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் படத்தைச் சுற்றித் தெரிந்த கறுப்பு விளிம்பு அவர் கண்ணை உறுத்தியது. அரைகுறை வேலை என்று எவனாவது சொல்லிவிட்டால்? பட்டனை அழுத்தி அழுத்திப் படத்தை இழுத்து, திரையை நிறைத்தார். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மூன்றாம் வாரம் நீராவிக் குழாய் வெடித்து, கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும், மெக்கானிக்கின் மைத்துனனின் இரண்டு கைகளும் வெந்துபோயின. எச்சரிக்கையைப் பார்க்காமல் தூங்கிவிட்டான் என்றது பட்டறை. மெக்கானிக் தனியாகப் போய்ப் படத்தைப் பழையபடி சுருக்கிப் பார்த்தார். அதுவரை காணாத கடைசி வரி ஒன்று, வெடிப்புக்குச் சற்று முந்தைய நேரத்தோடு, கீழே எட்டிப்பார்த்தது: அழுத்தம் அதிகம்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி தன் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தாள். "நீங்களாவது இவனுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க!"

"எச்சரிக்கை வந்துச்சுடா," என்றார் அவர். "நான்தான் படத்தை இழுத்து அதைத் திரைக்கு வெளியே தள்ளிட்டேன்."

கட்டுப் போட்ட கைகளோடு மைத்துனன் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"அப்ப நான் தூங்கல, இல்ல மாமா?"